அடுப்பு கடைசியில் இருக்கட்டும்: ஓடையைத் தானாக இறக்கும் ஷெல் குழாய் எப்படி இயங்குகிறது?

நூறு பேருக்கு மதியச் சாப்பாடு போடும் ஒரு மெஸ்ஸின் சமையற்கட்டுக்குள் போவோம். ஒருவர் சந்தைச் சீட்டைப் பார்த்துச் சரக்கைப் பிரிக்கிறார். அடுத்தவர் அலசுகிறார். அதற்கடுத்தவர் அரிவாள்மணையில் உட்கார்ந்து நறுக்குகிறார். முன்னால் தட்டில் வந்ததை வாங்குவது, தன் வேலையைச் செய்வது, அடுத்த தட்டில் தள்ளுவது, இவ்வளவுதான் ஒவ்வொருவருக்கும். அடுப்பு மட்டும் வரிசையின் கடைசியில், மாஸ்டர் கையில் இருக்கிறது.

யூனிக்ஸ் உலகம் இந்த ஏற்பாட்டைக் குழாய் என்கிறது. ஃபங்ஷனல் புரோகிராமிங் ஆட்கள் ஃபங்ஷன்களின் சேர்க்கை என்கிறார்கள். இரண்டு தரப்பும் நெடுநாள் தனித்தனி ஊர்க்காரர்கள்போலப் பேசிக்கொண்டாலும் பின்பற்றுவது ஒரே சமையற்கட்டு ஒழுங்குதான். தினமும் விடியற்காலையில் நமக்குப் பிடித்த பாட்காஸ்டின் புதிய அத்தியாயம் தானாகக் கணினியில் வந்து இறங்குவதற்கு ஒரு குழாய் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் சந்தைச் சீட்டு. பாட்காஸ்டின் ஓடை என்பது ஒலிக்கோப்பு அல்ல, ஒரு பட்டியல். ஆர்எஸ்எஸ் வடிவம் 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் பொறியியல் படித்த ராமநாதன் குகா. 2000ஆம் ஆண்டின் கடைசியில் டேவ் வைனர் அதில் 'என்க்ளோஷர்' என்ற குறியைச் சேர்த்தார். ஒலிக்கோப்பு எந்த முகவரியில் இருக்கிறது, எத்தனை பைட், என்ன வகை என்ற மூன்று தகவல்களை அது சுமக்கும். பாட்காஸ்ட் என்ற முழுத் தொழிலும் இந்தச் சிறு குறியின் மேல்தான் நிற்கிறது. பட்டியலின் ஒவ்வொரு உருப்படிக்கும் தலைப்பு, வெளியான தேதி, 'ஜியுஐடி' என்ற அடையாளம், என்க்ளோஷர் ஆகியவை வழக்கமாக இருக்கும். இவற்றில் அடையாளத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய வேலை இருக்கிறது.

சீட்டை வாங்கிவரும் ஆள் கர்ல். சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998இல் அந்தப் பெயரில் வெளியிட்ட கருவி இது. கர்ல் கடைக்குப் போய்ச் சும்மா சீட்டைக் கேட்பதைவிட, போனமுறை வாங்கிய சீட்டின் எண்ணைச் சொல்லி 'இதற்குப் பிறகு ஏதாவது மாறியதா?' என்று கேட்பது நல்லது. அந்த எண்ணுக்கு ஈடேக் என்று பெயர். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற ஒற்றை எண்ணோடு வெறுங்கையாக அனுப்பிவிடும். சில நூறு பைட்டில் பேச்சு முடிந்தது. கர்ல் 2020 முதல், நாம் சொல்லிவைத்தால், இந்த எண்ணைத் தானே சேமித்து, தானே ஒப்பிட்டுக்கொள்கிறது. வெறுங்கையோடு வந்த ஆளை அடுத்த கட்டத்துக்கு அனுப்பாதீர்கள். காலிச் சீட்டைப் படிக்கச் சொன்னால் அடுத்த கருவி பிழை என்று கூச்சல் போடும்.

சீட்டு எக்ஸ்எம்எல்லில் எழுதப்பட்டிருக்கிறது, இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். எக்ஸ்எம்எல் கிளை பிரியும் மரம். ஷெல் கருவிகளுக்குத் தெரிந்ததோ வரி மட்டும். க்ரெப், செட் என்ற வரிக் கருவிகளை வைத்து முகவரியைக் கொத்தி எடுத்துவிடலாம் என்று தோன்றும், பெரும்பாலான நாட்களில் எடுத்தும்விடலாம். ஒருநாள் அந்த ஓடை முழுவதையும் ஒரே வரியாக அனுப்புவார்கள். அல்லது இரட்டை மேற்கோளுக்குப் பதில் ஒற்றை மேற்கோள் வரும். முகவரிக்குள் இருக்கும் '&' குறி எக்ஸ்எம்எல் முறைப்படி '&' என்பதோடு மூன்று எழுத்தும் அரைப்புள்ளியும் சேர்ந்த வடிவத்தில் வந்திருக்கும்; அதை அப்படியே கர்லிடம் கொடுத்தால் அந்த முகவரியில் யாரும் இருக்க மாட்டார்கள். வாழைப்பூவை மடல் மடலாகப் பிரித்துக் கள்ளனை எடுத்த பிறகுதான் நறுக்க வேண்டும். முழுப்பூவை அரிவாள்மணையில் வைத்தவர் வீட்டுப் பொரியலைச் சாப்பிட்டவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

பூவைப் பிரிக்கத் தெரிந்த ஆள் எக்ஸ்எம்எல்ஸ்டார்லெட். மரத்தை மரமாகவே படித்து, ஒவ்வொரு உருப்படியையும் ஒரு வரியாகக் கொடுக்கும். வரிக்குள் நான்கு பத்திகள், நடுவில் தாவல் குறி: அடையாளம், தேதி, முகவரி, தலைப்பு. தலைப்புக்குள் யாராவது வரியை மடக்கி எழுதியிருந்தால் ஒரு உருப்படி இரண்டு வரியாகிவிடும். எக்ஸ்பாத் மொழியில் 'நார்மலைஸ்-ஸ்பேஸ்' என்ற ஃபங்ஷன் அதைத் தட்டையாக்கித் தரும். இந்தக் கட்டத்தைத் தாண்டியபின் குழாயில் எக்ஸ்எம்எல் என்ற பேச்சே இல்லை, வரிகள்தான்.

இனி எது புதிது என்று பிரிக்க வேண்டும். இதற்கு மளிகைக் கணக்கு நோட்டு ஒன்று தேவை: இதுவரை இறக்கிய உருப்படிகளின் வரிகள் வரிசையாக எழுதப்பட்ட ஒரு சாதாரண எழுத்துக்கோப்பு. ஓடையிலிருந்து வரும் வரியின் முதல் பத்தி நோட்டில் இருந்தால் தள்ளு, இல்லையென்றால் அடுத்த தட்டுக்கு அனுப்பு. இந்தப் பிரிப்பை ஆக் கருவி ஒற்றை வரியில் முடிக்கும். 1977இல் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிஹன் மூவரும் செய்த கருவி இது. அதில் ஒரு பழைய உத்தி: இதுவரை படித்த மொத்த வரி எண்ணும், இப்போதைய கோப்பின் வரி எண்ணும் ஒன்றாக இருக்கும்வரை நாம் முதல் கோப்பில், அதாவது நோட்டில் இருக்கிறோம் என்று கொள்வது. நோட்டு காலியாக இருந்தால் உத்தி கவிழ்ந்துவிடும். படிக்க வரியே இல்லாததால் ஓடையின் முதல் வரியிலும் இரண்டு எண்களும் ஒன்றாகவே இருக்கும். ஆக் ஓடையையே நோட்டு என்று எண்ணி மொத்தத்தையும் விழுங்கிவிட்டு, புதிதாக ஒன்றுமில்லை என்று கையை விரிக்கும். பிழைச்செய்தியும் வராது. மருந்து நம் ஊர்க் கணக்கர்களிடம் எப்போதோ இருந்ததுதான்: நோட்டின் முதல் வரியில் பிள்ளையார் சுழி போட்டுவிடுங்கள். ஒரு வரி இருந்தால் போதும், ஆக் தடுமாறாது.

முகவரியை விட்டுவிட்டு அடையாளத்தை ஏன் ஒப்பிடுகிறோம்? விளம்பரக் கணக்குக்காகவும் கேட்பவர் எண்ணிக்கைக்காகவும் பாட்காஸ்ட் முகவரிகளுக்கு முன்னால் இடைத்தரகர்களின் முகவரிகளை ஒட்டுகிறார்கள். தரகர் மாறினால் பழைய அத்தியாயங்கள் எல்லாவற்றின் முகவரியும் ஒரே இரவில் மாறும். முகவரியை நம்பிய குழாய், ஏற்கெனவே உள்ள நூற்றுக்கணக்கான கோப்புகளை மறுபடி இறக்கத் தொடங்கும். அடையாளம் மாறக் கூடாது என்பது விதி. ஆனால் ஆர்எஸ்எஸ் 2.0இல் அடையாளமே கட்டாயமில்லை. 2005இல் வந்த ஆட்டம் வடிவம்தான் அதைக் கட்டாயமாக்கியது. அடையாளம் இல்லாத ஓடையில் முகவரியை வைத்து ஒப்பேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதுவரை வந்த குழாயை ஒருமுறை சேர்த்துப் பார்ப்போம். உண்மையில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும், இங்கே ஒலிப்பை மட்டும் தருகிறேன்:

கர்ல் | எக்ஸ்எம்எல்ஸ்டார்லெட் | ஆக்

கர்லை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கவனியுங்கள். அரிவாள்மணைக்கு ஞாபகம் கிடையாது. நேற்று நறுக்கிய கத்தரிக்காயால் இன்றைய கத்தரிக்காய்க்கு எந்தப் பாதிப்பும் இல்லை. அது அடுப்பை ஏற்றாது, கதவைத் திறக்காது, யாருக்கும் போன் செய்யாது. இந்த இரண்டு கருவிகளும் அப்படித்தான். அதே ஓடையையும் அதே நோட்டையும் கொடுத்தால் அதே பட்டியல்தான் எத்தனை முறை ஓட்டினாலும் வரும். ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் இதைத் தூய ஃபங்ஷன் என்பார்கள். எக்ஸ்எம்எல்ஸ்டார்லெட் செய்வது ஒவ்வொன்றையும் வேறொன்றாக மாற்றும் 'மேப்', ஆக் செய்வது வேண்டியதைச் சலிக்கும் 'ஃபில்டர்'. கடைசியில் எத்தனை வரி என்று டபிள்யூசி கருவியைக் கேட்டால் அது எல்லாவற்றையும் ஒரே எண்ணாகத் திரட்டும் 'ஃபோல்டு'.

இதனால் கிடைக்கும் பெரிய நன்மை, ருசி பார்க்கலாம் என்பது. குழாயை இந்த இடத்தில் நிறுத்தினால் இன்று என்னென்ன இறங்கும் என்ற பட்டியல் திரையில் வரும். எதுவும் இறங்காது, எதுவும் அழியாது. ஓடையை ஒரு கோப்பாகச் சேமித்து வைத்து, நெட் இல்லாத ரயிலில் உட்கார்ந்துகூட இந்தப் பகுதியைச் சோதிக்கலாம். பிழை வந்தால் சந்தேகம் முடிவெடுக்கும் பக்கத்திலா அடுப்பின் பக்கத்திலா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இறக்கும் வேலையையும் முடிவெடுக்கும் வேலையையும் ஒரே சுழற்சிக்குள் பிசைந்து எழுதிய நிரல்களில் இந்த வசதி இருக்காது. அவற்றைச் சோதிக்க ஒரே வழி ஓட்டிப் பார்ப்பதுதான், ஓட்டினால் தீ பற்றிவிடும்.

தட்டுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழாய் என்பது இரண்டு கருவிகளுக்கு நடுவே இயங்குதளத்தின் கருவான கெர்னல் வைத்திருக்கும் ஒரு தட்டு. லினக்ஸில் அதன் கொள்ளளவு வழக்கமாக 64 கேபி. நறுக்குபவர் வேகமாக நறுக்கித் தட்டு நிரம்பிவிட்டால் கெர்னல் அவரைத் தூங்க வைக்கும். அடுத்தவர் கொஞ்சம் எடுத்துக்கொண்டதும் எழுப்பிவிடும். ஆகவே ஓடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தட்டுகள் வழியாத ஏற்பாடு தானாக அமைந்துவிடுகிறது. எதிர்த் திசையிலும் ஒரு நயம் உண்டு. குழாயின் கடைசியில் 'ஹெட்' என்ற கருவியை வைத்து ஐந்து வரி போதும் என்று சொன்னால், ஐந்தை வாங்கியதும் அது இலையை மடித்துவிடும். அடுத்து பரிமாற வரும் கருவிக்கு 'சிக்பைப்' என்ற சைகை கிடைக்கும், அதுவும் கரண்டியை வைத்துவிட்டுப் போகும். கேட்டால்தான் சமைப்பது என்ற இந்தச் சோம்பலை ஹாஸ்கெல் போன்ற மொழிகள் கொள்கையாகவே வைத்திருக்கின்றன. நிரல்களைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்ப்பதற்கு இந்தச் சோம்பல் எவ்வளவு உதவுகிறது என்று ஜான் ஹியூஸ் 1989இல் ஒரு கட்டுரையில் விரிவாக வாதிட்டிருக்கிறார்.

குழாய் என்ற எண்ணம் அதைவிடப் பழையது. பெல் ஆய்வகத்தில் டக் மக்கில்ராய் 1964லேயே ஒரு குறிப்பில் நிரல்களை இப்படி இணைக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். 1973இல் கென் தாம்சன் யூனிக்ஸில் அதை ஒரே இரவில் சேர்த்தார். மக்கில்ராய் 1986இல் செய்த ஒரு காரியமும் நினைவில் நிற்பது. ஒரு கோப்பில் அதிகம் வரும் சொற்களை எண்ணிக்கையோடு பட்டியலிடும் நிரலை டொனால்டு நூத் பல பக்கங்களுக்கு அழகாக எழுதிக் கொடுக்க, அதை விமர்சிக்க வந்த மக்கில்ராய் ஆறு கருவிகளைக் குழாயில் கோத்து அதே வேலையை முடித்துக்காட்டினார். நூத்திடம் கேட்கப்பட்டதே தம்முடைய எழுத்துமுறையை விளக்கிக்காட்டும் நிரல்தான் என்பதால் அந்தப் போட்டி கொஞ்சம் அநியாயம் என்பது என் கட்சி. ஆனாலும் அந்த ஆறு வரிகளைப் பார்த்தபிறகு, சின்ன வேலைக்குப் பெரிய நிரல் எழுத எவருக்கும் கை கொஞ்சம் கூசும்.

இப்போது அடுப்புக்கு வருவோம். ஆக் அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோப்பை இறக்க வேண்டும். வரிகளை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளையை ஏவும் ஆள் எக்ஸார்க்ஸ். இதுவும் மேப்தான், தீயோடு செய்யும் மேப். ஒரே நேரத்தில் எத்தனை அடுப்பு எரியலாம் என்பதையும் அதனிடமே சொல்லலாம். வரிகளுக்குள் ஒன்றையொன்று சார்ந்த கணக்கு எதுவும் இல்லாததால் எது முந்தினாலும் கவலையில்லை. ஆனால் ஒரே சர்வரிலிருந்து இறக்கும்போது இரண்டு அடுப்புக்கு மேல் ஏற்றாதீர்கள், அது மரியாதை. இன்னொரு எச்சரிக்கை: எக்ஸார்க்ஸ் தன் இயல்பில் இடைவெளியையும் மேற்கோள் குறியையும் தன் போக்கில் பொருள்கொள்ளும். ஆங்கிலத் தலைப்பில் ஒற்றை மேற்கோள் குறி சாதாரணமாக வரும், அங்கேயே நின்றுவிடும். வரி முடிவு மட்டும்தான் பிரிப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எக்ஸார்க்ஸ் ஏவும் குட்டி நிரலுக்கு மூன்று வேலைகள், வரிசை மாறக் கூடாது. முதலில் கர்லால் கோப்பை 'பார்ட்' என்ற வால் கொண்ட தற்காலிகப் பெயரில் இறக்கு. முழுதாக வந்தபிறகே எம்வி கட்டளையால் உண்மைப் பெயருக்கு மாற்று. அதற்குப் பிறகுதான் அந்த வரியை வெளியே அச்சிடு.

பாதி வெந்த சோற்றைப் பந்திக்கு அனுப்பக் கூடாது, வெந்தபிறகு பாத்திரத்தோடு தூக்கி வைக்க வேண்டும் என்பதுதான் நடு வேலையின் பொருள். ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் பெயர்மாற்றம் பிளவுபடாத செயல்: ஒன்று முழுக்க நடந்திருக்கும், இல்லையென்றால் நடந்தே இருக்காது. தற்காலிகக் கோப்பை வேறு டிஸ்க்கில் வைத்தால் இந்த உத்தரவாதம் போய்விடும், எம்வி அங்கே பிரதியெடுக்கத் தொடங்கிவிடும்.

கர்லுக்கும் இங்கே இரண்டு கட்டளைக்கொடிகள் அவசியம். தரகர்கள் வழிமாற்றிவிடும் முகவரிகளைப் பின்தொடர ஒன்று. மற்றது, 404 போன்ற பிழை வந்தால் தோல்வி என்று வெளியேற. இரண்டாவதை மறந்தால், 'இந்தப் பக்கம் இல்லை' என்று சொல்லும் எச்டிஎம்எல் பக்கத்தை எம்பி3 என்ற பெயரில் பத்திரமாகச் சேமித்துவிட்டு வெற்றி என்று சொல்லும். கோப்பின் அளவை ஓடையில் சொன்ன அளவோடு ஒப்பிட்டு இதைக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றலாம். பல ஓடைகளில் அந்த இடத்தில் சும்மா 0 என்று போட்டிருப்பார்கள், அதை நம்ப முடியாது.

மூன்றாவது வேலையில்தான் முழு ஏற்பாட்டின் சூட்சுமம் இருக்கிறது. இறங்கிய வரிகள் குழாயில் வெளியே வருகின்றன, அவற்றை நோட்டின் கடைசியில் சேர்க்கிறோம்:

கர்ல் | எக்ஸ்எம்எல்ஸ்டார்லெட் | ஆக் | எக்ஸார்க்ஸ் >> நோட்டு

இறக்குவதற்கு முன்பே நோட்டில் எழுதிவிட்டால், நடுவில் மின்சாரம் போனால் அந்த அத்தியாயம் என்றென்றைக்கும் வராது. நோட்டு வந்துவிட்டது என்று சாதிக்கும். பிறகு எழுதினால், மோசமான நிலையிலும் ஒரே கோப்பு இரண்டாம் முறை இறங்கும், அவ்வளவுதான். இருமுறை செய்தாலும் கெடாத வேலையாக ஒவ்வொன்றையும் அமைத்துக்கொண்டால் மீட்பு நடவடிக்கை என்று தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. தவறு நடந்தால் சேமித்த ஈடேக்கை அழித்துவிட்டு மறுபடி ஓட்டு. இரண்டு அடுப்புகள் ஒரே நேரத்தில் ஒரே நோட்டில் எழுதுகின்றனவே, வரிகள் கலந்துவிடாதா? நோட்டு 'கடைசியில் சேர்' என்ற முறையில் திறக்கப்பட்டிருப்பதால், ஒரே மூச்சில் எழுதிய வரி உடையாமல் போய்ச் சேரும்.

இரட்டைக் குறியை ஒற்றைக் குறியாகத் தட்டிவிடாதீர்கள். ஒற்றைக் குறியைக் கண்டால் ஷெல், கருவிகள் தொடங்கும் முன்பே நோட்டைத் துடைத்துக் காலியாக்கிவிடும். பால் இருக்கிறதா என்று பார்க்காமலே பாத்திரத்தைக் கழுவப் போடும் ஆள் அது.

ஷெல்லுக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. வரிசையில் கடைசி ஆள் சிரித்த முகத்தோடு வெளியே வந்தால் முழுச் சமையலும் வெற்றி என்று எடுத்துக்கொள்ளும். முதலில் சீட்டு வாங்கப்போன கர்ல் வழியில் விழுந்தாலும் அதற்குக் கவலையில்லை. 'பைப்ஃபெயில்' என்ற அமைப்பை இயக்கினால்தான் நடுவில் யார் விழுந்தாலும் தோல்வி என்று ஒப்புக்கொள்ளும்.

இதையே ஹாஸ்கெல்லில் எழுதினால் என்ன வித்தியாசம்? எது தூயது, எது தீயைத் தொடுவது என்பதை அங்கே கம்பைலர் கண்காணிக்கும். ஒரு ஃபங்ஷன் நெட்டைத் தொட்டாலோ கோப்பில் எழுதினாலோ அதன் வகையிலேயே 'ஐஓ' என்ற முத்திரை விழும். முத்திரையில்லாத ஃபங்ஷனுக்குள் ஒளித்து வைத்து எதையும் இறக்க முடியாது, நிரல் தொகுப்பே நடக்காது. ஷெல்லில் அப்படி ஒரு காவலாளி இல்லை. ஆக்குக்குள்ளிருந்து கர்லை ஏவினால் ஷெல் தடுக்காது, நம் கட்டுப்பாடுதான். பத்து ஓடைகள் வரை ஷெல் போதும் என்பது என் கணக்கு. ஒவ்வொரு ஓடைக்கும் தனித்தனி விதிவிலக்குகள் முளைக்கத் தொடங்கினால் முடிவெடுக்கும் பகுதியை மட்டும் ஹாஸ்கெல்லுக்கு மாற்றிவிட்டு, இரு பக்கமும் குழாயை அப்படியே விட்டுவிடலாம். அந்த மொழியில் 'இன்டராக்ட்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. உள்ளே வரும் எழுத்தை வெளியே போகும் எழுத்தாக மாற்றும் தூய ஃபங்ஷன் ஒன்றைக் கொடுத்தால், அதைக் குழாயில் செருகத்தக்க கருவியாக்கித் தரும். பக்கத்தில் இருக்கும் எக்ஸ்எம்எல்ஸ்டார்லெட்டுக்கும் எக்ஸார்க்ஸுக்கும் நடுவில் ஆள் மாறியதே தெரியாது.

தினமும் குறித்த நேரத்தில் ஓட்டும் பொறுப்பு க்ரான் என்ற கருவியுடையது. 5 மணி 7 நிமிடம் என்பதுபோல உதிரியான நேரத்தைக் கொடுங்கள், சரியாக மணி அடிக்கும்போது எல்லாருடைய குழாயும் ஒரே சர்வரைத் தட்டும். நேற்றைய ஓட்டம் இன்னும் முடியவில்லை என்றால் இன்றையது தொடங்காமல் திரும்பிவிட 'எஃப்லாக்' என்ற பூட்டு போதும்.

கடைசியாக, முதல் நாளைச் சமாளிக்க வேண்டும். நோட்டில் சுழியைத் தவிர ஒன்றுமில்லை, ஆகவே ஓடையில் இருக்கும் எல்லாமே புதிது. பிபிசியின் 'இன் அவர் டைம்' நிகழ்ச்சி 1998இல் தொடங்கி ஆயிரம் அத்தியாயங்களைத் தாண்டியது. நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஒரு நிமிட ஒலி ஏறக்குறைய 1 எம்பி. அத்தியாயத்துக்கு 45 நிமிடம் என்று வைத்தால் ஆயிரத்துக்கு 43 ஜிபி. இதைத் தவிர்க்கக் குழாயில் எக்ஸார்க்ஸை மட்டும் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். ஆக் அனுப்பும் வரிகள் அடுப்பைத் தொடாமல் நேராக நோட்டில் போய் விழும், எல்லாம் ஏற்கெனவே வந்தவை என்று பதிவாகிவிடும். பிறகு நோட்டைத் திறந்து, தலைப்பைப் பார்த்து, கேட்க ஆசைப்படும் அத்தியாயங்களின் வரிகளை மட்டும் நீக்கிச் சேமியுங்கள். இப்போது எக்ஸார்க்ஸைத் திரும்ப மாட்டி, ஈடேக் குறிப்பை அழித்துவிட்டு ஓட்டினால் அவை மட்டும் இறங்கும். ஈடேக்கை அழிக்க மறந்தால் சர்வர் 304 சொல்லித் திருப்பி அனுப்பிவிடும், எதுவும் வராது.